பால்குடி மறக்காதவன்

தலையணை மேல் விரித்திருந்த துண்டின் ஒரு முனை ஈரமாக இருந்தது.

யாராவது படுத்து எழுந்து போயிருந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அன்று அந்த அறைக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. முந்தின நாள் மாலை எல்லோரும் போன பிறகு, துவைத்து மடித்த துண்டை அவளே உதறி விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தாள். ஆளுக்கொரு துண்டு என்பது அவளுடைய கறாரான வழக்கம். ஒருவர் தலை வைத்த துணியில் இன்னொருவர் தலை வைக்கக் கூடாது. ஈர முனையை விரலால் தொட்டாள். வழுவழுத்தது. மூக்கருகே கொண்டுபோனாள், கொண்டுபோயிருக்கக் கூடாது. வியர்வை வாடை இல்லை, தலை எண்ணெய் வாடையும் இல்லை. குழந்தை கக்கிய பால் துணியில் காய்ந்து, மறுபடி எச்சிலில் நனைந்து, ஜன்னல் சாத்திய அறையில் ராத்திரி முழுக்கப் புழுங்கிக் கிடந்தால் என்ன வாடை வருமோ அது. முனை நார் நாராகப் பிரிந்து, மென்று துப்பியது போல் சுருண்டிருந்தது. இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பிறகு இன்னொரு முறையும் கழுவினாள்.

அவள் மனநல டாக்டர். மாத்திரை எழுதித் தரும் வகை அல்ல, பேச வைத்துக் குணப்படுத்தும் வகை. வருகிறவர்கள் நீள சோபாவில் மல்லாந்து படுத்துக்கொள்வார்கள். அவள் அவர்கள் தலைமாட்டுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். சோபாவின் தலைப்பக்கம் உயர்ந்திருப்பதால் அவளுக்கு அவர்கள் முகம் தெரியாது, அவர்களுக்கு அவள் முகம் தெரியாது. கேட்பதுதான் அவள் வேலை. எட்டிப் பார்ப்பதில்லை, தொடுவதில்லை, கேள்வி கேட்டால் பதில் சொல்வதுமில்லை. "வாயே திறக்காம இருக்கிறதுக்கா பீஸ் வாங்குற? அந்த வித்தையை என் புள்ளைக்கும் கொஞ்சம் கத்துக் குடேன், வீடு நிம்மதியா இருக்கும்" என்பார் மாமியார்.

அவள் படித்த படிப்பின் சாரத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். மனிதனின் ஆளுமை மாடி மாடியாகக் கட்டப்படுகிறது. முதல் மாடி வாய். பால் குடிக்கும் குழந்தைக்கு உலகமே வாய்தான். அடுத்தது கழிவை அடக்குவதும் விடுவதும். அதற்குப் பிறகு மற்றவை. எந்த மாடியில் குறை விழுந்தாலும், அல்லது திகட்டத் திகட்டக் கிடைத்துவிட்டாலும், ஆளில் ஒரு துண்டு அங்கேயே தங்கிவிடும். உடம்பு வளரும், மீசை முளைக்கும், வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும். அந்தத் துண்டு மட்டும் எழுந்து வராது. மாணவர்களுக்கு இதை எத்தனையோ தடவை வகுப்பெடுத்திருக்கிறாள். பாடமாகச் சொல்லும்போது அதற்கு வாடை கிடையாது.

இப்போது வீட்டில் அவளுக்கே ஒரு கைக்குழந்தை இருந்தது. வேலைக்குத் திரும்ப வேண்டுமே என்று குட்டிக்குப் பால் மறக்கடிக்கத் தொடங்கியிருந்தாள். பகலில் மார்பு கிடையாது, பாட்டில் மட்டும்தான். குட்டி பாட்டிலை நாக்கால் தள்ளியது. ரப்பர் காம்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, பசியில் தன் முஷ்டியை வாயில் திணித்துச் சப்பியது. கன்னம் வற்றி வந்தது. மற்ற தாய்மார்கள் "போகப் போகச் சரியாயிடும்" என்று தேற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தாய்ப்பாலைப் பட்டென்று நிறுத்தினால் குழந்தையின் மனத்தில் என்ன தங்கிப்போகும் என்று அவளுக்குப் பக்கம் பக்கமாகத் தெரியும். அந்தப் பயத்தை நெஞ்சில் கட்டிக்கொண்டுதான் தினமும் பஸ் ஏறினாள். மத்தியானம் அறைக் கதவைத் தாழிட்டு, திரையை இறக்கிவிட்டு, கட்டிக்கொண்ட பாலைப் பம்ப் வைத்து எடுத்து, மூலையிலிருந்த சின்ன ஃபிரிட்ஜில் வைத்து, மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

அவளிடம் வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் வங்கி மேனேஜர். பெரிய உடம்பு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பேனா மூடியைக் கடிப்பார், சிகரெட்டை ஒன்றிலிருந்து ஒன்று பற்ற வைப்பார், வாந்தி வரும்வரை சாப்பிடுவார். கட்டைவிரலை வாயில் வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்பதைச் சொல்ல அவருக்குப் பல மாதம் பிடித்தது. விரல் தண்ணீரில் ஊறியது போல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். தங்கச்சி பிறந்ததும் அம்மா மார்பில் கசப்பு மருந்தைத் தடவிப் பால் மறக்கடித்த கதையையும் ஒரு நாள் சொன்னார்.

"அன்னிக்கு அழுதது நான் இல்ல டாக்டர். அவன் வேற. அவனை அங்கேயே உக்கார வச்சிட்டு நான் மட்டும் எந்திரிச்சு வந்துட்டேன்."

டாக்டருக்கு உள்ளூரச் சந்தோஷம். பாடப்புத்தகத்தைப் பிரித்து வைத்தது போல் ஒரு ஆள் கிடைப்பது லேசா? குளிக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை அடுத்த முறை மேனேஜர் படுத்ததும் மெல்ல எடுத்துவிட்டாள். "அவனை இங்க கூட்டிட்டு வாங்க. இங்க அவனுக்கு இடம் இருக்கு." அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற வாக்கியம்தான்.

அதற்குப் பிறகு சத்தம் வர ஆரம்பித்தது. மேனேஜர் பேசிக்கொண்டிருப்பார். வங்கி, மனைவி, வீட்டு மாடியில் ஒழுகும் குழாய். அந்தப் பேச்சுக்கு அடியில், அதோடு கலக்காமல், ஈரமான ஒரு சத்தம். உறிஞ்சி, விழுங்கி, மூக்கால் மூச்சு விட்டு, மறுபடி உறிஞ்சும் சத்தம். ஒருவர் பேசிக்கொண்டே உறிஞ்ச முடியாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் நிமிர்ந்து பார்க்கும் முன்பே உடம்பு பதில் சொல்லிவிட்டது. மார்பு கிண்ணென்று இறுகி, ஊசி குத்துவது போல் குத்தி, பால் சுரந்து ரவிக்கையை நனைத்துப் புடவையிலும் பரவியது. அவமானத்தில் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

வேறு யாராக இருந்தாலும் குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்திருப்பார்கள். டாக்டர் யோசித்தாள். படுத்திருப்பவரின் ஏக்கம் கேட்பவரின் உடம்பில் ஏறிக்கொள்வது இந்தத் தொழிலில் உண்டு. அதற்குப் பெயர் உண்டு, அதைப் பற்றிக் கட்டுரைகள் உண்டு. குட்டியைப் பட்டினி போட்டுவிட்டு வந்த குற்ற உணர்ச்சியும் சேர்ந்திருக்கும். ஆகவே சத்தம் தன் மனத்தில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி, நிம்மதியாகக்கூட இருந்தாள். படித்த படிப்பு வேறெதற்கு!

மேனேஜர் மளமளவென்று தேறினார். சிகரெட் போயிற்று, தொப்பை குறைந்தது, கட்டைவிரலில் புதுத் தோல் வளர்ந்தது. கடைசியாக வந்த நாளில் கதவருகே நின்று சிரித்தார். முகத்தில் முன்பிருந்த ஏதோ ஒன்று இல்லை.

"காலியா இருக்கு டாக்டர். நல்ல காலி." பிறகு, சோபாவைப் பார்த்து, "அவனைப் பாத்துக்குவீங்கல்ல? அவனுக்கு ரொம்பப் பசிக்கும்" என்றார்.

கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லாததால் அவள் புன்னகை மட்டும் செய்தாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மாடிப்படியில் பையனைப் போல் தடதடவென்று இறங்கிப் போனார்.

துண்டு நனைந்தது அதற்குப் பிறகுதான். மறுநாளும் நனைந்திருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பக்கத்து அறைப் பல் டாக்டரிடம் கொண்டுபோனாள். ஒரே தளத்தில் இரண்டு பேர் தொழில், நடுவில் ஒரு சுவர். அவருடைய டிரில் பகல் முழுக்க அந்தச் சுவரைக் குடைந்துகொண்டிருக்கும்.

"என்ன மேடம், பேஷண்டெல்லாம் துணியைத் தின்ன ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கையுறை மாட்டிக்கொண்டு துண்டை விளக்கடியில் விரித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "பல்லு ஒண்ணுகூட இல்ல. வெறும் ஈறு. எங்கயும் ஓட்டை விழல பாருங்க, நசுங்கித்தான் இருக்கு."

"குழந்தையோ?"

"குழந்தை வாய் இம்புட்டுத்தான்." இரண்டு விரலைக் குறுக்கிக் காட்டினார். "இது நம்ம சைஸ் தாடை. யாரோ ஒரு தாத்தா பல்செட்டைக் கழட்டி வச்சிட்டுப் பசி தாங்காம கடிச்சிருக்காரு. இந்தப் பக்கம் அனுப்புங்க, ஜம்முனு ஒரு செட் பண்ணித் தரேன்."

அவளும் சிரித்தாள். அவளிடம் வருகிறவர்களில் பல் இல்லாதவர் யாருமில்லை.

அன்று மாலை ஃபிரிட்ஜைத் திறந்தபோது பால் பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. காலியாக. மூடியில்லை. வாய்ப்பகுதி முழுக்க நூல் நூலாக எச்சில் தொங்கியது. பக்கத்தில் கழுவாமல் வைத்த பம்பின் கிண்ணம் பளபளவென்று நக்கித் துடைக்கப்பட்டிருந்தது. அவள் மார்பில் வைத்த கிண்ணம். அதில் இன்னொரு நாக்கு. வாஷ்பேசினில் வாந்தியெடுத்து, வாயைக் கொப்பளித்து, பம்பையும் பாட்டிலையும் ஒரு பையில் சுருட்டித் தெருக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள். கூட்டிப் பெருக்க வருகிறவளின் வேலை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் லீவில் போய் ஒரு வாரமாகிறது.

இனி அந்த அறையில் பால் எடுப்பதில்லை என்று முடிவு செய்தாள். பால் இல்லாவிட்டால் எதுவும் இருக்காது. ஆனால் சத்தம் இடம் மாறியது. சோபாவுக்கு அடியில் கேட்டது, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே துடைப்பம்கூட நுழையாத இடுக்கில் கேட்டது. இப்போது உறிஞ்சுவதற்கு எதுவும் கிடைக்காத சத்தம். வெறும் நாக்கும் அண்ணமும் ஒட்டிப் பிரியும் சப்புச் சப்பென்ற சத்தம். ஒரு நாள், படுத்திருந்த பள்ளிக்கூட டீச்சர் தன் கதையை நிறுத்திவிட்டார்.

"டாக்டர், நீங்க ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

அப்படியானால் இது தன் மனத்தில் இல்லை. எழுந்து கதவைத் திறந்து அந்த அம்மாளையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது: "உங்களுக்கு அப்படித் தோணுதா?"

டீச்சர் வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றினார். அவர் கிளம்பியபோது அவருடைய பின்னல் நுனி ஈரமாக இருந்தது.

அடுத்த நாள் அறையைக் காலி செய்துவிடுவதென்று நினைத்தாள். வீட்டில் மாமியாருக்குக் காய்ச்சல், கணவன் வேலையாக வெளியூரில். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடலாம் என்று சாயங்காலம் குட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்து சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. குட்டியோடு உள்ளே போக மனம் வராமல் திரும்பிவிடப் பார்த்தாள், எந்த வண்டியும் நிற்கவில்லை. தெரு முழுக்கத் தண்ணீரும் ஹாரன் சத்தமும். குட்டி மதியத்திலிருந்து பாட்டிலைத் தொடவில்லை, தொண்டை கட்ட அழுதது. வேறு வழியில்லாமல் மாடியேறினாள். பக்கத்து அறையில் டிரில் ஓடிக்கொண்டிருந்தது தைரியமாக இருந்தது.

அறையில் எந்தச் சத்தமும் இல்லை. எல்லா விளக்கையும் போட்டாள். முழங்காலிட்டுச் சோபாவுக்கு அடியில் பார்த்தாள். தூசி. ஒரு பேனா மூடி. இடுக்கில் இருட்டு. அவ்வளவுதான். குட்டியைச் சோபாவில் கிடத்தி, விழாமல் இருக்கத் தலையணையை அணையாக வைத்து, பாட்டிலில் பவுடரைக் கொட்டி வெந்நீர் ஊற்றிக் குலுக்க ஆரம்பித்தாள். கால் வலித்தது. யோசிக்காமல், பழகிய நாற்காலியில், தலைமாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். உயர்ந்த தலைப்பக்கத்துக்கு அப்பால் குட்டியின் அழுகை மட்டும் கேட்டது. மழை ஜன்னலில் அடித்தது. மார்பு கனத்து வலித்தது. பகலில் கிடையாது, பகலில் கிடையாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு குலுக்கினாள். எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்றும் தோன்றியது. அப்போது அழுகை நின்றது.

உறிஞ்சும் சத்தம் கேட்டது. நிதானமாக, திருப்தியாக, விழுங்கி விழுங்கி.

அப்பாடா, குடிக்கிறது.

பாட்டில் அவள் கையில் இருந்தது.

மார்பில் ஊசி குத்தியது. பால் இறங்கியது. அவள் எழுந்தாள்.

இடுக்கிலிருந்து ஒரு தலை எழும்பிச் சோபாவின் விளிம்பில் கன்னத்தை வைத்திருந்தது. வளர்ந்த ஆளின் தலை. அப்போதுதான் பிறந்தது போல் நரைமயிர் நனைந்து மண்டையோடு ஒட்டியிருந்தது. தண்ணீரில் நாள்கணக்காக ஊறின விரல் போல் வெளுத்துச் சுருங்கிய தோல். மூடிய கண்கள். கன்னங்கள் குழிந்து குழிந்து நிறைந்தன. அதன் வாய்க்குள் குட்டியின் கை, முழங்கைவரை.

குட்டி அழவில்லை. வேடிக்கை பார்த்தது.

அவள் கத்தினாள். சுவருக்கு அப்பால் டிரில் கத்தியது. குட்டியைப் பிடித்து இழுத்தாள். தாடை இறுகியது. குட்டி வீறிட்டது. விட்டாள். இழுத்தால் எலும்பு நொறுங்கும்.

பால் கொடுத்த கைக்கு ஒன்று தெரியும். கவ்விக்கொண்ட பிள்ளையை இழுக்கக் கூடாது. கடைவாயில் விரலை விட்டுக் காற்றுப் புகவைத்தால் தானாக விடும். அவள் குனிந்தாள். புளித்த வாடை முகத்தில் அறைந்தது. சுண்டுவிரலை அந்த உதட்டோரத்தில் வைத்துத் தள்ளினாள். சூடு. கொழகொழப்பு. வழவழத்த ஈறு. தடித்த ஒரு நாக்கு விரலைச் சுற்றிக்கொண்டது. இன்னும் உள்ளே விட்டாள். பொளக். குட்டியின் கை வெளியே வந்தது, சிவந்து, நுரைத்த எச்சில் வழிய.

குட்டியை அணைத்துக்கொண்டு கதவுப்பக்கம் திரும்பினாள். புடவை நகரவில்லை. அது முந்தானையை ஈறால் கவ்விக்கொண்டு, பால் நனைத்த இடத்தை நோக்கித் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் இழுத்துக்கொண்டே ஏறியது. மூக்கு தேடியது. இடமும் வலமுமாக, கண்ணைத் திறக்காமல், பிறந்த குழந்தை தேடுவது போல. வழியில் குட்டியின் கால் தட்டுப்பட்டது. வாய் திறந்தது.

"வேணாம். வேணாம். இந்தா."

உட்கார்ந்தாள். கொக்கிகளைக் கழற்றினாள்.

இந்தப் பக்கம் அது. அந்தப் பக்கம் குட்டி, வாசம் பிடித்துத் தானாகவே வந்து கவ்விக்கொண்டது. பகல் முழுக்கக் கட்டியிருந்த பால் இரண்டு பக்கமும் சரசரவென்று இறங்க, வலி குறைந்தது. சுகமாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உடம்புக்கு இது வேறு அது வேறு என்று தெரியவில்லை. தன் தோலையே உரித்துத் தூரப் போட வேண்டும் போலிருந்தது. அவள் அசையாமல் இருந்தாள்.

டிரில் நின்றது. கதவு தட்டப்பட்டது.

"மேடம், நான் கிளம்புறேன். மழையில மாட்டிக்கிட்டீங்களா? கூட வரணுமா?"

மடியிலிருந்த தாடை திடுக்கிட்டு இறுகியது.

"சத்தம் போடாதீங்க" என்றாள், எல்லாத் தாய்மாரும் பேசும் கிசுகிசுப்பில். "பால் குடிக்குது. நீங்க போங்க."

"ஓ, பாப்பா வந்திருக்கா? சரி சரி." சிரித்துக்கொண்டே அவர் படியிறங்குவது கேட்டது. கீழே ஷட்டர் விழுந்தது.

இந்தப் பக்கம் வற்றியது. அது நின்றது. வாயை எடுத்து, ஏப்பம் விட்டு, கண்ணைத் திறந்தது. கலங்கிய, நீலம் பாரித்த, எதையும் இன்னும் அடையாளம் காணாத கண்கள். மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது. குட்டியின் காதருகே போயிற்று. வாய் அகலமாகத் திறந்தது. குட்டியின் தலை அளவுக்குத் திறந்தது.

நேரமில்லை. அவள் சுண்டுவிரலைக் குட்டியின் கடைவாயில் விட்டாள். பொளக். குட்டியைப் பிடுங்கிச் சோபாவின் மறுகோடியில் வைத்தாள். இடம் காலியானது. அது வந்து கவ்விக்கொண்டது.

"பொறுத்துக்கோ கண்ணு" என்று அவள் வாய் சொல்வதை அவளே கேட்டாள். "தம்பி குடிச்சிடட்டும்."

குட்டி அழவில்லை. வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. உதட்டில் ஒரு சொட்டுப் பால். திறந்த வாய்க்குள் சின்ன நாக்கு மட்டும் நிற்காமல் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது, கண் கொட்டாமல் அம்மாவையே பார்த்தபடி.